சின்ன ஸ்கோப்பே போதும்

நோவோசிபிர்ஸ்க்,
ஆகஸ்ட் 3

அன்புள்ள எர்மெக்குக்கு,

அனாரா எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் வலியும் சினைக்குதிரையும் எப்படி இருக்கின்றன?

உங்கள் துப்பாக்கிக்குக் குறிபார்க்கும் ஸ்கோப் வாங்கப் போனேன். நீங்கள் கேட்ட பெரியதையே கடைக்காரனும் முன்னால் தள்ளினான்.

"அக்கா, ஒரு கிலோமீட்டர் தள்ளி நிக்கிற மலையாட்டோட தாடி முடிய எண்ணலாம். வீட்டுக்காரரு துள்ளிக் குதிப்பாரு."

"குதிக்கட்டும் தம்பி. இதைத் தூக்கிக்கிட்டு மலை ஏறப்போறது நீயா?"

உங்களுடையதைப் போன்ற எடை குறைந்த துப்பாக்கியில் அதை மாட்டி, கடைக்குப் பின்னால் சுட்டுப் பார்க்கக் கொடுத்தான். துப்பாக்கி லேசு, உதை பலம். ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தில் இடித்துவிட்டது. பயப்படாதீர்கள், இரண்டே தையல்தான். "எங்ககிட்ட வந்திருந்தா மெஷின்லயே போட்டிருப்போமே" என்று எங்கள் தையல் கூடத்தில் கூட வேலை செய்கிறவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

அதனால் சின்னதை வாங்கினேன். பாதி எடைதான். கண்ணை நாலு விரல் தள்ளி வைத்தே பார்க்கலாம். ஆனால் நாலு மடங்குதான் பெரிதாகக் காட்டும். "ஆடு எங்க நிக்குதுன்னே தெரியாதே" என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது.

ஏழு வருடம் சேர்ந்து மலையேறினோம். என்றாவது நீங்கள் ஆட்டைத் தேடியதுண்டா? பைனாகுலரில் நான் தேடிக் காட்டுவேன், நீங்கள் சுடுவீர்கள். நான் இங்கே வந்த பிறகுதானே பெரிய ஸ்கோப் கேட்கிறீர்கள்? எனக்கும் இரண்டு வருடமாக ஊசிக்காதைத் தவிரத் தேட ஒன்றுமில்லை.

பைனாகுலரின் தோல்வாரை எலி கடிக்காமல் பாருங்கள். என் பூட்ஸுக்குக் கொழுப்புத் தடவி வையுங்கள். ஷிப்டு பஸ் வந்துவிட்டது. ஸ்கோப்பைத் தபாலில் போடவில்லை. செப்டம்பரில் நானே கொண்டுவருகிறேன்.

அனாரா