யோகேஸ்வரி போட வேண்டிய கோடு

ஜூன் 30, திங்கள்

இன்றைக்கு என் மானம் போனது சட்டைப்பையில் கிடந்த ஒரு சீட்டால். துணி துவைக்கப் போட்ட மகள் பிரீத்தி அதை எடுத்து, வீடே கேட்கும்படி வாசித்தாள். "எந்திரிக்கணும். பல் விளக்கணும். டீ குடிக்கணும். பஸ் ஏறணும்." நாலிலும் சிவப்பு மையில் கோடு. கடைசி வரி "யோகேஸ்வரிக்கு ஸ்கூட்டி பழக்கணும்." அதில் மட்டும் கோடு இல்லை.

"ஏம்ப்பா, பல் விளக்குறதெல்லாம் ஒரு வேலையாப்பா?"

கேட்டதோடு விட்டாளா? போட்டோ பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டாள். மச்சினன் செல்லப்பாண்டி பதில் போட்டான்: "அத்தான், மூச்சு விட்டதையும் எழுதி ஒரு கோடு அடிச்சிருங்க."

நான் பெரும்பாலும் செய்து முடித்ததைத்தான் எழுதுகிறேன், எழுதின கையோடு அடித்துவிடுகிறேன் என்பதை எப்படிச் சொல்ல? அந்தக் கோடு இழுக்கும் சுகம் இருக்கிறதே, எண்ணெய் புரோட்டாவில் முதல் விள்ளல் மாதிரி. பத்தாவது வரைக்கும் என் பேப்பரில் வாத்தியார் போட்ட சிவப்பு மையில் இந்தச் சுகம் இல்லை.

ஜூலை 1, செவ்வாய்

இன்று சீட்டில் பல் விளக்குவதை எழுதவில்லை. விளக்கினேன்.

ஜூலை 3, வியாழன்

எல்.எல்.ஆர். எடுத்து ஒரு மாசமாகிறது. ஸ்கூட்டி வரி சீட்டுக்குச் சீட்டு மாறிக்கொண்டே வருகிறது, நகரவில்லை. ஆனால் இது விளையாட்டு இல்லை. என் வீட்டுக்காரி யோகேஸ்வரி நாரணாபுரத்தில் பட்டாசை கிப்ட் பாக்ஸில் அடுக்குகிற கம்பெனிக்குப் போகிறாள். இந்த சீசனுக்கு அவளை சூப்பர்வைசர் ஆக்குவதாக முதலாளி சண்முகவேல் அண்ணாச்சி சொல்லியிருக்கிறார். சூப்பர்வைசர் என்றால் ஆட்களை ஏற்றிவரும் வேனுக்கு முன்னால் போய்க் கதவு திறக்க வேண்டும், வேன் போன பிறகுதான் பூட்ட வேண்டும். அந்த நேரத்துக்கு எங்கள் ஆமத்தூரிலிருந்து பஸ் கிடையாது. ஆடிப்பெருக்குக்கு மறுநாள் வண்டியும் லைசென்ஸுமாக வந்து நின்றால் வேலை அவளுக்கு. இல்லையென்றால் உள்ளூர்ப் பெண் ஒருத்திக்கு.

கல்யாணமாகி இத்தனை வருசத்தில் எனக்கு இது வேண்டும் என்று அவள் வாய் திறந்து கேட்டதில்லை. இதைக் கேட்டாள்.

பிரீத்திதான் வழி சொன்னாள். "மலைய ஒரே வரியில எழுதுனா பாத்ததுமே பயமாத்தான் இருக்கும். துண்டு துண்டா எழுதுங்கப்பா. இன்னைக்கு ஸ்டாண்டு எடுக்கப் பழகணும். அம்புட்டுதான்." பி.காம். படிப்பு வீண் போகவில்லை.

ஜூலை 9, புதன்

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் உள்ள பொட்டலில் தினமும் காலையில், அவளுக்கென்று வாங்கிய பழைய ஸ்கூட்டியில் பழகுகிறாள். ஸ்டாண்டு எடுப்பது: கோடு. பிரேக்: கோடு. நேராகப் போவது: கோடு. நான் மெஷின் ஓட்டும் அச்சாபீசில் கழித்துப் போட்ட லேபிள் தாளின் வெள்ளைப் பக்கத்தில் எழுதி பிரிட்ஜில் ஒட்டியிருக்கிறேன். போகும்போதும் வரும்போதும் பார்த்துக்கொள்கிறேன். மனசு நிறைந்திருக்கிறது.

"ஏங்க, வண்டிய நான் ஓட்டுறேன், கோட்ட நீங்க போடுறீக. ரொம்ப நல்லாருக்கு" என்றாள்.

ஜூலை 13, ஞாயிறு

இன்று எட்டுப் போடுவது. டெஸ்டில் இதைத்தான் பார்ப்பார்களாம். நாலைந்து தடவை காலை ஊன்றினாள். கடைசியில் ஒரு தடவை எப்படியோ சுற்றி வந்துவிட்டாள். நான் வீட்டுக்கு வந்து கோடு அடித்துவிட்டேன். அந்த ஒரு வரி மட்டும் அடிபடாமல் நின்றால் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறதே!

பட்டியல் முழுக்கச் சிவப்பு. அந்த ஜோரில் டெஸ்டுக்கும் நாள் வாங்கிவிட்டேன்.

"இன்னும் நாலு நாள் போகட்டுமே" என்றாள். பிரிட்ஜைக் காட்டினேன்.

ஜூலை 17, வியாழன்

போச்சு.

எட்டில் வலது வளைவில் ரெண்டு காலையும் ஊன்றிவிட்டாள். "அடுத்த தடவ பாத்துக்கலாம்மா" என்று அந்த அதிகாரி நல்லபடியாகத்தான் சொன்னார். சூலக்கரை ஆர்.டி.ஓ. ஆபீசிலிருந்து வீடு வரைக்கும் நான்தான் வண்டி ஓட்டினேன், பின்னால் ரோட்டுப் பக்கமே திரும்பியிருந்தாள். இறங்கும்போது ஒரு வார்த்தை.

"அண்ணாச்சிட்ட முடியாதுன்னு சொல்லிருறேன்."

ஏலே, என்னடா பண்ணித் தொலைச்ச என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

ஜூலை 18, வெள்ளி

அச்சாபீசில் புது லேபிள் வேலை. முதல் தாள் ஓடியதும் மெஷினை நிறுத்தினோம். ஆர்டர் கொடுத்த பார்ட்டி வந்து கலர் பார்த்து, அந்தத் தாளில் ஓ.கே. போட்டுக் கையெழுத்து வைத்தால்தான் மற்றது ஓடும். சிவகாசியில் எந்த மெஷின்காரனைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வான். பார்ட்டி வர நேரமானது. கூட நிற்கும் தனுஷ்கோடிக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணே, பேசாம நாமளே ஓ.கே. போட்டு ஓட்டிருவமா?"

"கொன்னுபுடுவேன்லே! அவன் சரக்குக்கு நீ யாருலே ஓ.கே. போட?"

சொன்ன வாய் அப்படியே நின்றுவிட்டது. வீட்டில் நான் செய்தது வேறென்ன?

சாயங்காலம் சிவப்புப் பேனாவைக் கொண்டுபோய் அவள் கையில் கொடுத்தேன். பார்ட்டி நீதான், நான் உன் ஓ.கே.யைப் போட்டது தப்பு என்றேன். பேனாவை வாங்கிக்கொண்டாள்.

"அன்னைக்குப் பொட்டல்லயே அந்த வளைவுல எனக்குப் பயம் விடல. நீங்க என் மூஞ்சியப் பாக்கல. சீட்டத்தான் பாத்தீக."

பிரிட்ஜில் ஒட்டியிருந்த என் சீட்டைக் கிழித்து எடுத்தேன்.

அப்புறம் அவளே, "ஒரு தாள் குடுங்க" என்றாள்.

ஜூலை 20, ஞாயிறு

பிரிட்ஜில் இப்போது அவள் எழுத்து. "வலது வளைவு – பயம் போற வரைக்கும். திரும்பும்போது தரையப் பாக்கக் கூடாது, தூரத்தப் பாக்கணும். அவுக தள்ளி நிக்கணும், பிரேக் பிரேக்னு கத்தக் கூடாது."

மூன்றாவது என் வேலையாம். இருக்கிறதிலேயே கஷ்டமானது அதுதான்.

ஜூலை 22, செவ்வாய்

ஒரு கோடும் விழவில்லை. நன்றாகத்தானே திரும்பினாய் என்றேன். "இன்னும் ஆகல" என்றாள். எனக்குக் கை நமநமவென்கிறது. பேனாவை எங்கே வைத்திருக்கிறாள் என்று தெரியும். எடுக்கவில்லை.

ஜூலை 25, வெள்ளி

காலையில் பொட்டலில் எட்டு எட்டாகச் சுற்றினாள். நான் வேப்பமரத்தடியில் வாயை மூடிக்கொண்டு நின்றேன். வீட்டுக்கு வந்து ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை, நேரே போய் வலது வளைவின் மேல் கோடு இழுத்தாள். அதன் மேலேயே இன்னொரு தடவை, அழுத்தி.

"இப்ப நாள் வாங்குங்க."

அடுத்தவர் கோடு போடுவதைப் பார்ப்பதிலும் இவ்வளவு சுகம் இருக்கிறது. இது தெரியாமல் இத்தனை நாள் பல் விளக்கியதற்கெல்லாம் கோடு போட்டிருக்கிறேன்.

ஜூலை 30, புதன்

பாஸ்! ஒரு கால்கூட ஊன்றவில்லை. செல்லப்பாண்டி வாட்ஸ்அப்பில் அக்காவுக்கு மாலை போட்ட மாதிரி படம் அனுப்பி, கீழே எனக்கும் ஒரு வரி: "அத்தான் தள்ளி நின்னதுக்கு ஆறுதல் பரிசு உண்டு."

ஆகஸ்ட் 4, திங்கள்

விடிந்ததும் யோகேஸ்வரி கிளம்பிவிட்டாள். புது வேலை, முதல் நாள். வண்டியைத் திருப்பி நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஏறுங்க, உங்க கம்பெனி வாசல்ல எறக்கிட்டுப் போறேன்."

எனக்கு வேலை ஆரம்பிக்க இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது. இருந்தாலும் ஏறிவிட்டேன். பின்னால் உட்கார்ந்து பழக்கமில்லை. கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் சாப்பாட்டுப் பையை மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டேன். டீக்கடையில் நின்றவர்கள் எல்லாம் பார்த்தார்கள். பார்க்கட்டும். லோடு லாரி ஒன்று உரசுகிற மாதிரி தாண்டிப் போனது, அவள் அசையவில்லை. நான்தான் கண்ணை மூடினேன்.

அச்சாபீஸ் வாசலில் இறக்கிவிட்டாள். கேட் பூட்டியிருந்தது.

"இம்புட்டு வெள்ளன வந்து என்ன செய்யப் போறீக?"

"வேல கெடக்கு" என்றேன்.

சிரித்துவிட்டுப் போனாள். நாரணாபுரம் ரோட்டில் திரும்பும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வேலை ஒன்றும் கிடையாது. உன் பின்னால் உட்கார்ந்து வர இந்தக் கம்பெனி இன்னும் கொஞ்சம் தள்ளி இருந்திருக்கலாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன், வேலை கிடக்கிறது என்று வந்துவிட்டது.