நோன்புக்கு எடுத்த கொப்பி

மச்சான்,

இன்று காலை முழங்கை மடிப்பில் ஸ்பிரிட் பஞ்சை அழுத்திப் பிடித்தபடியே ஒபிசுக்கு வந்தேன். அந்த வாசம் போகுமுன்னே, புதிதாகச் சேர்ந்த பிள்ளை ஒருத்தி என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். "சேர், லிஸ்ட்டைக் கொப்பி எடுத்துட்டுத்தான் கொப்பியில கை வச்சன். ஒரிஜினலும் மாறிட்டு. என்ன பேய் வேல இது?" என்றாள். அந்த வாசமும் அந்தக் கேள்வியும் ஒன்றாக வந்தால் நான் என்னதான் செய்வது? "இரிங்க, வாறன்" என்று சொல்லிவிட்டுப் படிக்கட்டில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

கல்முனை பசாரில், சாரம் விற்கிற துணிக்கடைக்கு மேல்மாடியில் உன் கம்பியூட்டர் சென்டர். கீழே என் டெலிபோன் கடை. தொண்ணூறுகளின் கடைசி. என்னிடம் கட்டாருக்கும் சவூதிக்கும் கோல் எடுக்க ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். நீ பிள்ளைகளுக்கு டைப்பிங் சொல்லிக்கொடுத்துவிட்டு, மீதி நேரமெல்லாம் பைத்தன் என்கிற கம்பியூட்டர் மொழியோடு குடித்தனம் நடத்துவாய். கட்டாரிலிருந்து உன் கூடப்பிறந்த மூத்த காக்கா கொண்டுவந்த ஒரு சீடியில் இருந்தது அது. "பாம்புப் பேர் வச்ச சாமான் நமக்கு என்னத்துக்குடா?" என்று கேட்டேன். "கடிக்காது, கிட்ட வா" என்றாய். இன்று எனக்குச் சோறு போடுவதே அந்தப் பாம்புதான்.

உன் எலும்பு மச்சையில் இரத்தம் ஊறுவதில்லை என்று கொழும்பு ஆஸ்பத்திரியில் சொல்லியனுப்பியது உன் உம்மாவுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். மாதத்துக்கு ஒருமுறையாவது வேறு யாருடைய இரத்தமாவது உனக்கு ஏறவேண்டும். உன்னுடையதோ இலேசில் கிடைக்காத நெகட்டிவ் இனம். பள்ளிவாசல் மைக்கில் ஒரு வார்த்தை சொன்னால் ஊரே திரண்டு வந்திருக்கும். நீ விடவில்லை. "தங்கச்சிக்கு மாப்பிள பேசிட்டு இரிக்காங்க. குடும்பத்தில நோய் எண்டு ஒரு கதை எழும்பினா அவட வாழ்க்க என்னத்துக்கு ஆகும்?" என்றாய்.

அதனால்தான் அந்தப் பட்டியல். உன் இரத்த இனத்து ஆட்களை எங்கெங்கோ விசாரித்துத் தேடிப்பிடித்தாய். அக்கரைப்பற்றுக் கடைக்காரர், நாவிதன்வெளி வயற்காரர், பாண்டிருப்பு வாத்தியார். தாளில் எழுதினால் பத்துப் பேர் கண்ணில் படும் என்று கம்பியூட்டருக்குள் ஏற்றிவிட்டு, துண்டுகளைக் கிழித்து எறிந்தாய். நீ மேலிருந்து பெயரைச் சொல்லுவாய். நான் கீழிருந்து கோல் எடுப்பேன், போன் இல்லாதவரிடம் சைக்கிளில் போவேன். யாருக்கு என்று கேட்காமலே வந்து கையை நீட்டிவிட்டுப் போனார்கள், அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி கொடுக்கட்டும். என் இரத்தத்தைத்தான் முதலில் சோதித்தோம். ஆகாது என்றுவிட்டார்கள். உன் உயிருக்காக ஓடித்திரிந்த எனக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை என்பது எவ்வளவு வலித்தது என்று உன்னிடம் நான் சொன்னதே இல்லை.

நோன்பு வந்தது. "நோன்போட இரிக்கிற மனிசனிட்ட பகலில இரத்தம் கேட்டா, இல்லை எண்டு சொல்லவும் மாட்டாரு, குடுக்கவும் மாட்டாரு. சங்கடப்படுத்தப்படா" என்றாய். முழுப் பட்டியலுக்கு ஒரு கொப்பி எடுத்து, 'நோன்பு' என்று பெயர் வைத்து, அதிலிருந்து நோன்பு பிடிக்கும் நம் முஸ்லிம் ஆட்களையெல்லாம் நீக்கினாய். மிஞ்சியவர்கள் பாண்டிருப்பிலும் காரைதீவிலும் இருந்த தமிழ் ஆட்கள். அந்த நோன்பு முழுக்க உன்னைத் தாங்கியது அவர்கள்தான்.

பெருநாள் தொழுகை முடிந்து வரும்போது உன் மூக்கால் இரத்தம் வந்தது. புதுச் சட்டையெல்லாம் சிவப்பு. பாண்டிருப்புப் பக்கம் விடியற்காலை வெடிச் சத்தம் கேட்டு ஆமிக்காரர் ரோட்டை மூடியிருந்தார்கள். அந்தப் பக்கத்து ஆட்கள் வர வழியில்லை. "பரவாயில்ல, நோன்பு முடிஞ்சுதானே, நம்மட ஆக்கள் இரிக்காங்க" என்று சென்டரைத் திறந்து முழுப் பட்டியலை எடுத்தாய். அதிலும் அந்தத் தமிழ்ப் பெயர்கள் மட்டும்தான் இருந்தன. நம்மவர் ஒருவரும் இல்லை.

திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாய். பிறகு மூக்கில் லேஞ்சித் துணியை வைத்துக்கொண்டு சிரித்தாய். "நான் கொப்பி எடுக்கல்ல மச்சான். இருந்ததுக்கே இன்னொரு பேர் வச்சிரிக்கன். ஊட்டில கூப்பிடுற பேர் ஒண்டு, ஸ்கூல் பேர் ஒண்டு எண்டு வச்சா புள்ள ரெண்டாகுமா? பேர் ரெண்டு, ஆள் ஒண்டு." இரண்டு பெயருக்கும் நடுவில் சமக்குறி மட்டும் போட்டு, அப்படியே சேமித்தும் வைத்திருக்கிறாய். சதுர அடைப்புக்குள் ஒரு முக்காற்புள்ளியையும் சேர்த்திருந்தால் கொப்பி தனியாகப் பிரிந்திருக்கும். ஒரு முக்காற்புள்ளிக்காக நீ வெளுத்துப்போய் இருந்தாய். எனக்கு அந்தப் பெட்டியைத் தூக்கி ரோட்டில் எறியவேண்டும் போல் இருந்தது.

உன்னை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு, ஞாபகத்தில் இருந்த இரண்டு மூன்று வீடுகளுக்கு மழைத் தூறலில் சைக்கிளை மிதித்தேன். பெருநாள் வீட்டுக்குள் போனவன் சும்மா வெளியே வரமுடியுமா? சாய்ந்தமருதில் ஒரு வீட்டில், நான் வாயைத் திறக்குமுன்னே வட்டிலப்பத்தைக் கையில் வைத்தார்கள். "அவர் மாமி ஊட்ட போயிட்டாரு. மறுகா வருவாரு, நீங்க முதல்ல தின்னுங்க தம்பி." சபை நிறையச் சொந்தக்காரர்கள். அவர்களுக்கு நடுவில் இன்னாருக்கு இரத்தம் வேண்டும் என்று எப்படிச் சொல்ல? நீ வாயைக் கட்டிவைத்திருக்கிறாயே. அடுத்த வீட்டிலும் இதே கதை. நீ அங்கே கிடக்க, நான் இங்கே வட்டிலப்பத்தை விழுங்கிக்கொண்டிருந்தேன். இனிப்பு என்றால் அன்றிலிருந்து எனக்கு ஆகாது.

வெறுங்கையோடு திரும்பி உன் வீட்டுக்குப் போனால், வாசலில் பாண்டிருப்பு வாத்தியார் கால்சட்டையை முழங்கால்வரை மடித்து, செருப்பைக் கையில் பிடித்தபடி நிற்கிறார். ரோட்டை மூடிவிட்டார்கள் என்று கடற்கரையால் நடந்து, பெருநாள் சாப்பாட்டுக்கு வந்திருக்கிறார். விசயத்தைச் சொன்னேன். "சாப்பிடக் கூப்பிட்டுட்டு என்னட்டயே எடுக்கப் பாக்கிறீங்க" என்று சொல்லிக்கொண்டே என் சைக்கிள் பாரில் ஏறினார். அன்று நீ பிழைத்தது அவரால். நானோ உன் பட்டியலோ ஒன்றும் செய்யவில்லை.

அதற்குப் பிறகு நீ விட்ட பிழை எதையும் மறுபடி விடவில்லை. ஒவ்வொரு பெயராகத் தேடி எடுத்து, முக்காற்புள்ளி போட்டுக் கொப்பி எடுத்து, பிளொப்பிகளில் உன் வீட்டிலும் என் கடையிலும் வைத்தாய். தங்கச்சியின் கலியாணமும் நல்லபடி முடிந்தது. அடுத்த நோன்புக்கு முன்னே நீ விழுந்தபோது பட்டியல் முழுதாக இருந்தது, ரோட்டும் திறந்திருந்தது. கூப்பிட்ட அத்தனை பேரும் வந்து, ஆஸ்பத்திரி விறாந்தையில் கையை மடித்துவிட்டு நின்றார்கள். டொக்டர் வெளியே வந்து, "இனித் தேவையில்ல" என்றார். அவர்கள் ஒவ்வொருவராகச் சட்டைக் கையை இறக்கிவிட்டதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். எல்லாமே சரியாக இருந்தது மச்சான். சரியாக இருந்தும் ஒன்றும் ஆகவில்லை. இதை நான் யாரிடம் போய் முறையிட?

அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளி மைக்கில் உன் பெயரைச் சொன்னார்கள். சொல்லப்படா, சொல்லப்படா என்று நீ தடுத்த அதே மைக்கில். உன் வாப்பாவின் பெயர், தெருப் பெயர், ஜனாஸா எடுக்கும் நேரம் எல்லாம் ஊருக்கே கேட்டது. கீழே என் கடையில் யாரோ கட்டாருக்குக் கதைத்துக்கொண்டிருந்தார். நான் கதவைச் சாத்தினேன்.

படிக்கட்டிலிருந்து எழும்பிப் போய் அந்தப் பிள்ளைக்கு முக்காற்புள்ளியைப் போட்டுக் காட்டினேன். "இவ்வளவுதானா சேர்?" என்று சிரித்தாள். ஓம், இவ்வளவுதான் என்றேன்.

உன் பட்டியல் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் பலர் மௌத்தாகி மண்ணுக்குள் போய்விட்டார்கள். ஒருவரையும் நான் நீக்கவில்லை. எனக்குச் செய்ய முடிந்தது ஒன்றுதான். சில மாதங்களுக்கு ஒருமுறை இரத்த வங்கிக்குப் போய், உனக்கு ஆகாத இந்த இரத்தத்தைக் கொடுத்துவிட்டு வருகிறேன். இன்று காலை அங்கே இருந்த நேர்ஸ் புதியவள். பேனாவை எடுத்துக்கொண்டு, "எந்த நோயாளிக்கு?" என்று கேட்டாள்.

உன் பெயர் வாய்வரை வந்துவிட்டது மச்சான். விழுங்கிக்கொண்டு, "யாருக்கெண்டாலும்" என்றேன்.