நீங்கள் கேட்ட இரண்டு வரி

அண்ணே,

இன்று காலை உங்கள் தோல் பை என் மேசைக்கு வந்தது. கலெக்டர் ஆபீஸ் எதிரே ஜெராக்ஸ் கடையில் ஊருக்கே மனு டைப் அடிப்பவள் நான். எத்தனையோ பைகள் வந்து போகும். ஆனால் சில்லறையும் வியர்வையும் கலந்த அந்த வாசனை வந்ததும் கை நின்றுவிட்டது. கொண்டுவந்தவர் உங்கள் மனைவி. நீங்கள் போய் நாற்பது நாள் ஆகிறதாம்.

"அவரு பென்சனுக்கு எழுதணும்மா. எல்லாப் பேப்பரும் இதுக்குள்ளதான் வச்சிருந்தாரு."

அந்தப் பேப்பர்களுக்கு நடுவே டிப்போவிலிருந்து உங்களுக்கு வந்த பழைய மெமோ ஒன்று இருந்தது. 'பெண் பயணி ஒருவருக்குக் கட்டணமில்லாச் சீட்டு வழங்கத் தவறியது.' அந்தப் பெண் பயணி நான்தான்.

கந்தர்வக்கோட்டையிலிருந்து வரும் காலை டவுன் பஸ்ஸில் நீங்கள் கண்டக்டர். பெண்களுக்குப் பயணம் இலவசமான பிறகும் ஒவ்வொருத்தியிடமும் சீட்டை நீட்டுவீர்கள். எனக்கு எரிச்சலாக வரும். சம்பாதிக்கிறவள், பத்துப் பேர் முன்னால் ஓசிச் சீட்டுக்குக் கை நீட்டுவதா என்று ஒரு வீம்பு.

"காசே இல்லைங்கிறீங்க, காகிதம் மட்டும் எதுக்குண்ணே? வேணாம், போங்க."

"அப்படிச் சொல்லாதீங்கம்மா. இந்தச் சீட்டை எண்ணித்தான் கவர்மெண்டு பஸ்ஸுக்குப் பணம் தருது. நீங்க வாங்கலேன்னா கணக்குல நீங்க வண்டியிலேயே இல்ல. ஆளே ஏறலைன்னு ட்ரிப்பை நிப்பாட்டிருவாங்க."

"ஆமா, என் ஒரு சீட்டுலதான் வண்டி ஓடுது!" என்றேன். பஸ்ஸே சிரித்தது. நீங்களும் சிரித்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போனீர்கள்.

அன்றைக்கென்று பார்த்து முந்திரிக்காட்டு ஸ்டாப்பில் செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறினார். என்னிடம்தான் முதலில் கேட்டார். நான்தான் வேண்டாம் என்றேன் என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? எல்லாரும் பார்க்கிறார்களே என்று வாயில் வேறொன்று வந்துவிட்டது.

"அவரு குடுக்கலை சார்."

சிரித்தவர்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நீங்கள் என்னை ஒரு தடவை பார்த்தீர்கள். திட்டியிருந்தாலாவது தேவலை.

மறுவாரம் கடைக்கு வந்தீர்கள். "விளக்கம் கேட்டிருக்காங்கம்மா. நடந்ததை ரெண்டு வரி எழுதிக் குடுங்க, போதும். இல்லேன்னா இன்கிரிமெண்ட்டை வெட்டிருவாங்க."

"கூட்டமா இருக்குண்ணே, நாளைக்கு வாங்க."

மூன்று நாள் வந்தீர்கள். மூன்று நாளும் எனக்குக் கூட்டம்தான். ரேஷன் கார்டிலிருந்து வாய்க்கால் தகராறு வரை பக்கம் பக்கமாக எழுதிக் கொடுக்கிறவள்! இன்கிரிமெண்ட்டை வெட்டினார்கள், வேறு ரூட்டுக்கும் மாற்றினார்கள். இனி உங்கள் முகத்தில் விழிக்க வேண்டாம், அப்பாடா என்றிருந்தது எனக்கு. சீ, இதை எழுதவே கூசுகிறது.

இத்தனை கடை இருக்க இங்கே எப்படி வந்தீர்கள் என்று உங்கள் மனைவியிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"அவருதாம்மா சொல்லுவாரு. அங்கிட்டு ஒரு தங்கச்சி இருக்கு, நல்லா எழுதும், எதுன்னாலும் அதுக்கிட்ட போன்னு."

கூனிக் குறுகிப் போனேன் அண்ணே. செருப்பால் அடித்திருக்கலாம்.

இப்போதெல்லாம் சீட்டைக் கேட்டு வாங்கி, இறங்கும்வரை கையிலேயே வைத்திருக்கிறேன். அதனால் உங்களுக்கு என்ன ஆகப்போகிறது? மனுவை அடித்துவிட்டேன். அதோடு இன்னொரு தாளையும் சேர்த்துக் குத்தியிருக்கிறேன்: 'அன்று சீட்டு வேண்டாம் என்றது நான். நடத்துநர் கொடுக்கவில்லை என்று நான் சொன்னது பொய்.' கையெழுத்தும் போட்டாயிற்று. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

போகும்போது உங்கள் மனைவி சொன்னார்: "நாளைக்கு வாரேம்மா. எனக்கு எழுத்துத் தெரியாது, என்ன எழுதிருக்கன்னு ஒரு வாட்டி வாசிச்சுக் காட்டிரு."

நாளைக்கு அந்த இரண்டு வரியையும் அவர் முகத்தைப் பார்த்து, இதே வாயால் நான் வாசிக்க வேண்டும்.