மெழுகு டின்னில் ஊற்றிய தண்ணீர்

8 நவம்பர் 2025, சனி

ஆறு நாளாக வாயைத் திறக்கவில்லை. இதற்கு மேல் முடியாது. யாரிடமும் சொல்லப் போவதில்லை, இங்கேயாவது எழுதுகிறேன்.

கல்லறைத் திருநாள் மாலை, வருடா வருடம் போல, கல்லறைகளில் எரிந்து மிஞ்சிய மெழுகைச் சுரண்டி எடுத்து எண்ணெய் டின்னில் போட்டு உருக்கினார்கள். கிறிஸ்துமஸ் அன்று பீடத்தில் வைக்கும் பெரிய மெழுகுவர்த்திக்காக. அடுப்பைப் பார்த்துக்கொண்டவர் டைட்டஸ், கோயில் கமிட்டி செயலாளர். பேச்சு சுவாரஸ்யத்தில் விறகை அதிகம் தள்ளிவிட்டார். டின்னிலிருந்து வெள்ளைப் புகை வந்தது. பிறகு மெழுகு தானே பற்றிக்கொண்டது.

ஒரு தட்டைப் போட்டு மூடியிருந்தால் அணைந்திருக்கும். ஆனால் டைட்டஸ் வாலிபத்தில் நான்கு வருடம் தங்கச் சுரங்கத்தில் இறங்கியவர். பூமிக்கடியில் லெவலில் கூரையைத் தாங்கும் முட்டு மரம் பற்றினால் தண்ணீர்தான் என்று பழகிய கை. ஒரு பக்கெட் தண்ணீரை அப்படியே டின்னில் ஊற்றினார். தீ மர உயரத்துக்கு எழும்பியது. பக்கத்தில் நின்ற விமலா அக்காவுக்கு வலது கை முழங்கை வரை வெந்துவிட்டது. கோயில் பெருக்கும் கை.

இப்போது எங்கள் ஸ்கெலட்டன் குடியிருப்பு முழுக்க ஒரே பேச்சு: நோயல் மெழுகுவர்த்தியில் கெரோசின் கலந்துவிட்டான். கல்லறை வாசலில் விற்பவன் அவன் ஒருவன்தான். டைட்டஸும் அதையே சொல்கிறார். பொய் சொல்லவில்லை, நம்பித்தான் சொல்கிறார். “தண்ணி ஊத்தியும் ஏறுச்சுன்னா அது மெழுகா?”

மெழுகுதான். பதினாலு வருடம் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுத்தவனுக்கு இது தெரியாதா? ஆனால் நான் எதற்குச் சொல்ல வேண்டும்?

9 நவம்பர்

பூசை முடிவில் அறிவித்தார்கள். அடுத்த ஞாயிறு கமிட்டி கூடுகிறது. நோயலை வாசலிலிருந்து எடுப்பதா, போலீசில் எழுதிக்கொடுப்பதா என்று அன்று முடிவு. அவன் கடைசி பெஞ்சில் தனியாக இருந்தான். பக்கத்தில் ஒருவரும் உட்காரவில்லை.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எழுதிவிட்டேன், இந்த வரியை அடித்துத் திருத்தப் போவதில்லை.

2009இல் பள்ளிக் கமிட்டியில் இருந்தான் இந்த நோயல். தலைமையாசிரியர் இடத்துக்கு என் பெயர் வந்தபோது சொன்னானாம்: “அவனுக்குப் படிப்பு இருக்கு. பசங்க மேல பிரியம் இல்ல.” அந்த ஒரு வாக்கியத்தில் போயிற்று. பள்ளியையே விட்டுவிட்டேன். இன்றுவரை விடியற்கால ரயிலில் பெங்களூர் போய், ஒரு காலேஜ் லேபில் பியூரெட் குழாய்கள் கழுவுகிறேன். பதினாறு வருடமாக அவனிடம் ஒரு தீப்பெட்டி வாங்கியதில்லை.

10 நவம்பர்

விமலா அக்காவைப் பார்க்கப் போனேன். கை முழுக்கக் கட்டு. தினமும் காலையில் நோயல் வந்து மருந்து போட்டுவிடுகிறானாம். “போடும்போது ரொம்ப வலிக்குது. எனக்கில்ல தம்பி, அவனுக்கு” என்று சிரித்தார். பிறகு என்னையே பார்த்துக் கேட்டார்:

“நீ படிச்சவன். மெய்யாலுமே அதுல கெரோசின் இருந்துச்சா?”

தெரியலக்கா என்றேன்.

தெரியலக்கா! இத்தனை படிப்பும் எதுக்குய்யா?

11 நவம்பர்

ரயிலில் ஜன்னலோர இடம் கிடைத்தது. அப்படியும் தூங்க முடியவில்லை.

12 நவம்பர்

லீவு போட்டேன். பழைய இரும்புக் கரண்டியை நீளமான கம்பில் கட்டி, கொல்லைப்புறத்தில் அடுப்பு மூட்டினேன். நோயல் விற்கும் மெழுகுவர்த்திக்கு எங்கே போவது என்று யோசித்தால், மாலா அலமாரியிலிருந்து ஒரு கட்டு மெழுகுவர்த்தி எடுத்து வைத்தாள்.

“கரண்ட் போறப்பல்லாம் இத்தனை வருஷமா எந்த வெளிச்சத்துல சாப்டீங்கன்னு நினைச்சீங்க?”

என் மனைவியே இத்தனை வருடம் அவனிடம் வாங்கியிருக்கிறாள்.

மெழுகு உருகியது, தெளிந்தது, புகைந்தது. எரிவது கட்டி மெழுகல்ல, உருகிய மெழுகும் அல்ல. அதிலிருந்து எழும் ஆவிதான். திரி செய்வதெல்லாம் அதைச் சிறிது சிறிதாக மேலே இழுத்துக் கொடுப்பது. டின்னில் அந்தக் கட்டுப்பாடு கிடையாது. சூடு ஏற ஏற மொத்தப் பரப்பும் ஆவியாகும், தீக்குச்சி இல்லாமலே பற்றும். கரண்டியும் பற்றியது. தள்ளி நின்று ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டேன். தண்ணீர் மெழுகுக்கு அடியில் போய் அந்த நொடியே நீராவியாக வெடித்து, மெழுகைத் துளித்துளியாக மேலே வீசியது. ஒவ்வொரு துளியும் எரிந்தது. கூரை உயரம்.

அடுத்து ஆண்டர்சன்பேட்டைக் கடையில் நான் வாங்கிய கம்பெனி மெழுகுவர்த்தி. அதே கூரை உயரம்.

மூன்றாவது முறை தண்ணீர் விடாமல் தட்டைப் போட்டு மூடினேன். அணைந்தது.

மாலா புருவத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். “போய் சொல்லுங்க” என்றாள். அவ்வளவுதான்.

13 நவம்பர்

ஃபாதருக்கு இரண்டு பக்கம் எழுதினேன். கெரோசின் இல்லை, தண்ணீர்தான் காரணம். ஆனால் டைட்டஸ் தெரியாமல் செய்தார், அவரைக் குறை சொல்ல வேண்டாம் என்றும் எழுதினேன். சோதனையைப் படிப்படியாக, எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்பது வரை. ஞாயிறு கூட்டத்துக்கு முன் டைட்டஸே தன் கையால் செய்து பார்க்கட்டும்.

மாலா படித்துவிட்டு, “உங்க பேரு போடுங்க. ஆவாதவனே சொல்றான்னா உடனே நம்புவாங்க” என்றாள்.

சரிதான். அவள் சொல்வது சரி. பேனாவை எடுத்தேன், வைத்துவிட்டேன். பெயர் போட்டால் நோயல் வீட்டுக்கு வருவான். வாசலில் நின்று நன்றி சொல்வான். அவனை உள்ளே கூப்பிட வேண்டும், நாற்காலி போட வேண்டும், காபி கொடுக்க வேண்டும். அவ்வளவுக்கு நான் இன்னும் வரவில்லை. சோதனை யார் செய்தாலும் ஒன்றுதான். அதற்கு என் பெயர் தேவையில்லை.

உறையை ஒட்டிவிட்டேன். அனுப்புநர் இடம் காலி. நாளைக் காலை ரயிலுக்குப் போகும்போது ஃபாதர் வீட்டு வாசல் தபால் பெட்டியில் போட்டுவிடுகிறேன்.