ஓடின கயித்துல மாட்டின கொக்கி

அன்புள்ள அம்மாவுக்கு,

நீயும் அப்பாவும் சௌக்கியமா? உன் முட்டிவலி குறைஞ்சுதா? நான் முழுசா இருக்கேன், அதை முதல்லயே சொல்லிடறேன்.

நேத்து நடுக்கடல்ல பாய்மரத்துல ஏறினேன்மா! அஞ்சு மாடி உயரம்! பாய்க்கப்பல் வீடியோ இத்தனை பார்த்தவளுக்குத் தெரியாதாங்கற திமிர்ல, விழாம இருக்க மாட்டற இடுப்புக் கொக்கியைக் கைக்கு எட்டின கயித்துல மாட்டிட்டேன். கீழே இருந்தவங்க பாயை இறக்கினதும் அந்தக் கயிறே ஓட ஆரம்பிச்சு, என்னையும் இழுத்துது. மரத்தைக் கட்டிப்பிடிச்சு அலறினேன்.

"ஏய் வீடியோ! அது பாயோட கயிறுடி, உன்னோடது இல்ல!"ன்னு பயிற்சி குடுக்கற அக்கா கத்தி, கயித்தை நிறுத்த வெச்சாங்க. இப்போ கப்பல்ல என் பேரே வீடியோதான்.

இன்னைக்குத் துறைமுகத்துல கப்பல் அசையாம நிக்குது. எழுத்து ஏன் கோணலா இருக்குன்னு மட்டும் கேக்காதே. இன்னைக்கு மறுபடி ஏறலேன்னா என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க.

அடுத்த துறைமுகத்துக்கு என் பழைய கான்வாஸ் ஷூவை அனுப்பு, புதுசு வழுக்குது. நீ கை துடைக்கிற துண்டுல சுத்தி அனுப்பு. துவைக்க வேண்டாம்.

மணி அடிச்சிட்டாங்க, என் முறை. கொக்கியை மாட்டி மூணு தடவை இழுத்துப் பார்ப்பேன்மா, நீ வாசல் பூட்டை இழுத்துப் பாக்கற மாதிரியே.

உன் பொண்ணு