தண்ணி போற பக்கம்

செப்டெம்பர் 9

கொழும்பிலிருந்து லொறியில் வேலி வந்து இறங்கியிருக்கிறது. ஏறாவூரில் எவரும் காணாத வேலியாம். கொம்போசிட். மரத்தூளையும் பிளாஸ்டிக்கையும் ஒன்றாய் உருக்கிப் பலகையாக அடித்தது. மரமும் இல்லை, பிளாஸ்டிக்கும் இல்லை. மேலே மரத்தின் வரியெல்லாம் கீறி வைத்திருக்கிறார்கள், ஒவ்வொரு பலகையிலும் அதே இடத்தில் அதே கணு. விரலை வைத்துக் காட்டினேன். "அதுதான் புள்ள பினிஷிங்" என்றார் இவர்.

மகள் நஸ்ஹா என் வயிற்றில் இருக்கும்போது கத்தாருக்குப் போன மனிசன். பதினேழு வருடம் அங்கே பணக்காரர் வளவுகளுக்கு வேலி பூட்டினார். இந்த ஜூலையில், "இனிப் போகமாட்டன்" என்று வந்து இறங்கினார். இரண்டு மாதம் கதிரையில் இருந்து போனைப் பார்த்தார். இப்போது கை அரிக்கிறது. கூரை இரண்டு இடத்தில் ஒழுகுகிறது, அது கண்ணில் படவில்லை.

செப்டெம்பர் 14

தகரவேலியைக் கழற்றிவிட்டார். "பாக்க வெக்கமா இரிக்கி" என்றார்.

அந்தத் தகரத்தை அடித்தது நான். நானும் பக்கத்து வளவு ஆமினா உம்மாவும். சுத்தியல் பட்டு என் பெருவிரல் நகம் கழன்று போனது. அன்றைக்கு இவர் போனில், "முடிஞ்சதும் படம் எடுத்து அனுப்பு" என்றார். அனுப்பினேன். அப்போது வெட்கம் வரவில்லையாக்கும்.

செப்டெம்பர் 20

இன்று 'கத்தார்ல' என்று பதினொரு தடவை சொன்னார். நஸ்ஹாவும் நானும் விரல் விட்டு எண்ணினோம்.

கத்தாரில் குழி இவ்வளவு ஆழம். கத்தாரில் கம்பம் நட்டால் மூன்று நாள் தொடமாட்டார்கள். மட்டம் பார்க்கிற ஸ்பிரிட் லெவலை வைத்துவிட்டு ஒரு கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார், துவக்கால் குறி பார்க்கிறவர் மாதிரி. பலகையைக் கம்பத்தின் பள்ளத்துக்குள் மேலிருந்து இறக்க வேண்டும், இந்த முனையில் ஓர் ஆள், அந்த முனையில் ஓர் ஆள். அந்த முனைக்கு நஸ்ஹா. தகப்பன் எது செய்தாலும் அவளுக்கு அதிசயம்தான்.

"வெயிலுக்குப் பலகை நீளும் மகள். ரெண்டு பக்கமும் அஞ்சு மில்லிமீற்றர் இடம் விடணும்."

வெயிலுக்கு இடம் விடத் தெரிகிறது. மாரி என்று ஒன்று இருப்பது தெரியவில்லை. எப்படித் தெரியும்? லீவில் வந்ததெல்லாம் கச்சான் காற்று வீசி மண் வெடிக்கிற மாதங்களில். பதினேழு வருடத்தில் ஒரு நவம்பர்கூட இவர் இந்த வீட்டில் படுத்ததில்லை.

செப்டெம்பர் 27

எழுதி வைக்க வேண்டும், பிறகு யாரும் என்னைச் சொல்லக் கூடாது.

வேலிக்கு அடியில் மண்ணோடு ஒட்டிச் சீமெந்துப் பலகை இறக்குகிறார். "ஒரு எலி போகாது" என்று பெருமை வேறு. பின்மூலைக்கும் இறக்கினார். அந்த மூலையால்தான் தண்ணீர் போவது. மாரிக்குத் தெருத் தண்ணீர் முழுக்க எங்கள் வளவுக்குள் இறங்கும். கிணற்றைச் சுற்றிப் பின்மூலைக்கு வந்து, தகரத்துக்கு அடியால் வாய்க்காலில் விழுந்து ஆற்றுக்குப் போகும். ஒவ்வொரு ஒக்டோபரும் மண்வெட்டியால் அதை வெட்டித் திறந்து விடுகிறவள் நான்.

சொல்ல வேண்டுமென்று கிட்டப் போனேன். "இஞ்சாருங்க, அந்த மூலை..." என்று தொடங்கினேன். முகத்தைக்கூடத் திருப்பவில்லை. "தள்ளி நில்லு புள்ள, இது உனக்கு விளங்காது."

நல்லது. விளங்காது. வாயை மூடிக்கொண்டேன். மாரி வரட்டும், யாருக்கு விளங்காதென்று பார்ப்போம்.

ஒக்டோபர் 5

வேலி முடிந்தது. ஊரே வந்து பார்க்கிறது. நாலு வீடு தள்ளி இருக்கும் றிஸானா பலகையைத் தடவித் தடவி, "மாஷா அல்லாஹ், எங்களுக்கும் இப்பிடி ஒண்டு அடிக்கணும்" என்றாள். இவர் தண்ணீர்க் குழாயைப் பிடித்து வேலியைக் கழுவிக் காட்டினார். வேலியைக் கழுவுகிற ஆம்பிளையையும் கண்டாகிவிட்டது.

பின்னேரம் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஆமினா உம்மாவின் குரல். "இரிக்கிறியா கா? முகத்தக் கண்டு நாளாச்சி."

"இரிக்கன்."

"மூலைய அடைச்சிட்டாரே. தண்ணி எங்கால போற?"

"கத்தார் எஞ்சினியரிட்டக் கேளுங்க" என்றேன்.

மனிசி விடவில்லை. "அவரிட்டச் சொல்லிப்போடு கா" என்றார். நான் உடுப்புக் காயப்போடப் போய்விட்டேன்.

ஒக்டோபர் 19

கத்தாரிலிருந்து பழைய மனேஜர் போன் எடுத்தாராம். புதுக் கொம்பனி, இவரை மேற்பார்வைக்குக் கேட்கிறார்களாம். டிசெம்பர் பதினைந்துக்குள் ஓம் அல்லது இல்லை சொல்ல வேண்டும். சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

"நீ என்ன சொல்றா?"

"உங்கட விருப்பம்."

என்ன கேள்வி இது! பதினேழு வருடத்துக்கு முதலும் இதையே கேட்டார், இதையே சொன்னேன். போகட்டும். போனால் வீடு அமைதி. 'கத்தார்ல' கத்தாரிலேயே கிடக்கும்.

நாலு மாதமாகக் காலையில் இரண்டு கோப்பை தேநீர் ஊற்றிக் கை பழகிவிட்டது. அதுதான் சனியன். இதை நான் எழுதவில்லை.

நவம்பர் 3

முதல் தூறல். மண்வெட்டியை எடுத்தேன். திரும்பவும் சுவரில் சாத்தி வைத்தேன்.

நவம்பர் 18

இரண்டு நாள் மழை. கிணற்றடியில் தண்ணீர் கணுக்கால் வரை நின்று வடிந்தது. இவர் ஜன்னலால் பார்த்து, "மழை எண்டா இதுதான் மழை" என்று ரசிக்கிறார். படம் எடுத்துக் கத்தார்க் கூட்டாளிகளுக்கு அனுப்புகிறார்.

இது மழையாம்!

நவம்பர் 27

என்ன எழுத.

விடிய விடியக் கொட்டினது. சுபஹுத் தொழுதுட்டுப் பின்கதவத் திறந்தா வளவில்ல, குளம். குசினிப் படி மூடிட்டுது. கோழிக்கூடு — யா அல்லாஹ், கோழிக்கூட்ட நான் நினைக்கவே இல்ல. அந்த மூலையிலதானே வெச்சிருந்தன். தண்ணி அந்த மூலைக்குத்தானே வரும். எனக்குத் தெரியாதா? இவ்வளவு நாளும் தண்ணிய நினைச்சன், இவர்ட முகத்த நினைச்சன், கோழிய நினைக்கல்ல. ஏழில அஞ்சு. அந்தப் புள்ளிக் கோழியும்.

நான் போட்ட சத்தத்துக்கு இவர் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். இடுப்பளவு தண்ணீர். நாலு பக்கமும் பார்த்தார். முதல் தடவையாகக் கேட்டார், "தண்ணி எங்கால போற? சொல்லு புள்ள, எங்கால போற?"

மூலையைக் காட்டினேன்.

பாய்ந்து போய்த் தனியாளாகப் பலகையை இழுத்தார். வரவில்லை. தனியாளுக்கு வராத வேலி. "அந்தப் பக்கம் பிடி!" நானும் இறங்கினேன். மேல் பலகைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி எடுத்தோம். சீமெந்துப் பலகை மண்ணில் இறுகிக் கிடந்தது. பிஸ்மில்லாஹ் சொல்லி மூன்றாம் தரம் தூக்கும்போதுதான் அசைந்தது. தண்ணீர் எங்கள் கால்களைத் தள்ளிக்கொண்டு வாய்க்காலுக்குப் பாய்ந்தது.

மூச்சு வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். "உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்ப இருந்து?"

"விளங்காது எண்டு நீங்க சொன்ன நாளில இருந்து."

ஏசுவார் என்று நின்றேன். ஏசவில்லை. ஏசியிருந்தால் நானும் நாலு கேட்டிருப்பேன், பதினேழு வருடத்தையும் சேர்த்துக் கேட்டிருப்பேன். கோழிகளை எடுத்துக்கொண்டு போய் மேட்டில் புதைத்தார்.

நஸ்ஹா குசினிக் கதவில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். "தெரிஞ்சிட்டே சொல்லாம இருந்தீங்களா உம்மா? வாப்பா திரும்பிப் போகணும் எண்டா?"

ஈரச் சீலையைப் பிழிந்துகொண்டு உள்ளே போனேன். இல்லை. இல்லைதானே?

நவம்பர் 30

அலுமாரியிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து மேசையில் வைத்திருக்கிறார். அதைத் தொடாமல் மேசையைத் துடைத்தேன்.

டிசெம்பர் 4

இன்று எல்லாம் சொல்லிவிட்டேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், எனக்கு மன்னிப்பும் கோபமாகத்தான் வருகிறது.

"பதினேழு மாரி. ஒண்டாவது தெரியுமா உங்களுக்கு?" என்று தொடங்கினேன். நஸ்ஹாவைத் தோளில் வைத்துக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடியது. கட்டிலுக்குக் கீழே பாம்பு சுருண்டு கிடந்தது. காய்ச்சலோடு அந்த மூலையை வெட்டினது. "போனில மழை எண்டு சொன்னா, இஞ்ச நல்ல வெயில் எண்டு சிரிப்பீங்க."

தேநீர் ஆறிப்போகக் கேட்டுக்கொண்டிருந்தார். "ஒண்டுமே சொல்லல்லயே நீ."

"நீங்க கேக்கல்லயே."

"இந்த மாரியும் நான் கேக்கல்லதான்" என்றார். பிறகு, "ஆனா கோழி பாவம் புள்ள."

அழுதுவிட்டேன். கோழிக்குத்தான் அழுதேன் என்று வைத்துக்கொள்ளட்டும். போகாதீங்க என்று மட்டும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடுவதில் எனக்கு நல்ல பழக்கம் இருக்கிறது.

டிசெம்பர் 15

பதில் சொல்ல வேண்டிய நாள். இன்றும் இரண்டு கோப்பை ஊற்றினேன். ஒன்றைக் கையில் கொடுக்கும்போது, "போகாதீங்க" என்றேன். கோப்பையைப் பார்த்துத்தான் சொன்னேன். குடித்து முடித்தார். போனை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைப் பக்கம் போனார்.

அரை மணித்தியாலம் குசினியில் சும்மா நின்றேன். திரும்பி வந்தவர், "மண்வெட்டி எங்க கிடக்கு?" என்றார்.

ஜனவரி 18

றிஸானா வந்தாள். அவள் வீட்டு வேலி வேலை இவருக்குத்தான். வந்தவள் உட்காரவுமில்லை.

"என்ன கா உன்ட மனிசன்? அளவு எடுப்பார் எண்டு பாத்தா நாடாவத் தொடவே இல்ல. என்ட மனிசன் என்னவோ சொல்ல வர, 'நீங்க இரிங்க, ஊட்டுக்காரியக் கூப்பிடுங்க' எண்டார். மாரிக்குத் தண்ணி எந்தப் பக்கத்தால வரும், எந்தப் பக்கத்தால போகும் எண்டு என்னட்டக் கேட்டு எழுதினார். எல்லா ஊட்டுக்கும் இப்பிடித்தானாம். எனக்குக் கல்யாணம் முடிச்சி இருவது வருசம் கா, ஒரு ஆம்பிளை என்னட்ட இப்பிடி ஒண்டு கேட்டதில்ல."

"அவருக்கு என்ன தெரியும், கேக்கத்தானே வேணும்" என்றேன்.

அவள் போன பிறகு பின்வளவுக்குப் போனேன். மூலையில் சீமெந்துப் பலகைக்குப் பதிலாகக் கம்பிவலை போட்டிருக்கிறார். இந்த வேலி எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. அதே இடத்தில் அதே கணு.

அசர் தொழுகைக்குப் பிறகு வந்தார். "றிஸானா ஊட்டுல ரெண்டு பக்கத்தாலயும் தண்ணி வருதாம். எனக்குக் குழப்பமா கிடக்கு. நாளைக்கு நீயும் ஒருக்கா வந்து பாக்கிறியா புள்ள?"

"எனக்கு விளங்காது" என்றேன்.

நஸ்ஹா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இவரும் சிரித்தார்.

நாளைக்குக் காலையில் போக வேண்டும். மண்வெட்டியை நான்தான் கொண்டுபோவேன். இவருக்கு அதைப் பிடிக்கவும் தெரியாது.