மதராசி விட்ட கேட்ச்

திங்கள், இரவு.

இந்த இந்திய கிரிக்கெட் அணியைப் பற்றி இனி வாயே திறப்பதில்லை என்றுதான் இருந்தேன். ஆனால் மத்தியானம் கேட்டது இன்னும் காதிலேயே நிற்கிறது.

ஆஸ்திரேலியாவில் இன்று மறுபடியும் தோற்றோம். டெல்லிக் குளிரில் ரஜாய்ப் போர்வையை உதறிவிட்டு ஐந்து மணிக்கே எழுந்து பார்த்தேன். ஸ்லிப்பில் நின்ற சென்னைப் பையன் கைக்கு வந்த கேட்சை விட்டான். “இவனை முதல்ல தூக்குங்கடா!” என்று டிவியைப் பார்த்துக் கத்தினேன். பிறகு பேட்டிங். வெளியே போகிற பந்துக்கு மட்டையை நீட்டி, ஒருவர் பின் ஒருவராக அவுட். வெட்கமே இல்லை.

ஆபீஸ் கேன்டீனில், கூட வேலை பார்க்கும் டெல்லிக்காரன் விவேக் எல்லோர் முன்னாலும் என் தோளைத் தட்டினான். “தும்ஹாரே மதராசி நே ஹர்வா தியா, யார்!” என் மதராசிதான் தோற்கடித்துவிட்டானாம். போன மாதம் அதே பையன் சதம் அடித்தபோது “ஹமாரா லட்கா” என்று லட்டு கொடுத்தவன் இவன். அடித்தால் நம்ம பையன், விட்டால் என் ஊர்க்காரனா? மற்ற பத்துப் பேர் என்னத்தைக் கிழித்தார்கள்?

நான் விடவில்லை. அவனைப் போல ஸ்லிப் ஃபீல்டர் நாட்டிலேயே இல்லை என்று கத்திவிட்டு வந்தேன்.

வீட்டில் சொன்னால் செல்வி சிரிக்கிறாள். “காலையில அவனைத் தூக்கச் சொல்லிக் குதிச்சது நீங்கதானங்க?”

நான் சொல்லலாம். என் பெண்டாட்டிகூடச் சொல்லலாம். விவேக் சொல்லக் கூடாது.

வெள்ளிக்கிழமை அடுத்த டெஸ்ட். தம்பி, தயவுசெய்து ஸ்லிப்பில் மட்டும் நிற்காதே.